சோளத்தில் பிடித்த படைப்புழு, ஜெல்லில் "நெல் வகை" என்று வருகிறது. எங்கே பிழை?

தினைக்குருவி:

வணக்கம். பெரும்போகச் சோளத்தில் எடுத்த சேனா படைப்புழுக் குடம்பிகள் 24. பதினான்கு மொனராகலை, பத்து அம்பாறை. இறுங்கு அல்ல, சோளம்தான். எல்லாம் குருத்துக்குள் இருந்து எடுத்தவை. எதனோலில் போட்டு பஸ்ஸில் புறக்கோட்டைக்கு வந்தன, அன்றைக்கே கொழும்பு ஆய்வுகூடத்துக்கு எடுத்தாயிற்று.

இழைமணியில் (மைற்றோகொண்டிரியாவில்) உள்ள சி.ஓ.ஐ மரபணுவை ஜே.எம்-76, ஜே.எம்-77 பிரைமர் சோடியால் பெருக்கினேன். 24இலும் 569 மூலச்சோடித் துண்டு பளிச்சென்று வந்தது. பிறகு டி.என்.ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் எம்.எஸ்.பி-1 நொதியம்: பி.சி.ஆர் விளைபொருள் 15 மைக்ரோலீற்றர், தாங்கல் 2, நொதியம் 1, நீர் 2, 37 பாகையில் ஒரு மணித்தியாலம். சோள வகை என்றால் 497, 72 என்று இரண்டாக உடையும், நெல் வகை என்றால் உடையாமல் 569 ஆகவே நிற்கும் என்பதுதானே கணக்கு?

22 வெட்டுப்படவே இல்லை. ஒன்று ஒழுங்காக வெட்டுப்பட்டது. இன்னொன்றில் 569உம் நிற்கிறது, 497உம் நிற்கிறது, அடியில் 72 மங்கலாகத் தெரிகிறது.

சோளத்தைத் தின்றுகொண்டிருந்த புழு எப்படி நெல் வகையாகும்? பக்கத்தில் வயல் இருந்தது, ஆனால் நெல்லில் சேதமே இல்லை. இன்னொன்று: இதில் 6 குடம்பிகள் மிகச் சின்னவை, தலையில் அடையாளம் பார்க்க முடியாத பருவம். அவை படைப்புழுவின் பேரினமான ஸ்பொடொப்தெராவில் வேறோர் இனமாக இருக்கலாமா? அறிக்கையில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.


ஜெல்தட்டு:

முதலில் வெட்டைப் பார்ப்போம், உயிரியலைப் பிறகு பேசலாம்.

20 மைக்ரோலீற்றரில் 15 பி.சி.ஆர் விளைபொருள் போட்டால் நொதியத்துக்கு மூச்சு முட்டும். பி.சி.ஆர் தாங்கலின் உப்பு, மிச்சமிருக்கும் பிரைமர் எல்லாம் சேர்ந்து வெட்டைத் தாமதிக்கும். விளைபொருள் மொத்தக் கனவளவில் மூன்றிலொரு பங்கைத் தாண்டக்கூடாது. இப்படி வையுங்கள்: விளைபொருள் 6, பத்து மடங்குத் தாங்கல் 2, நொதியம் 10 அலகு, மிச்சம் நீர், மொத்தம் 20. நொதியம் கிளிசரோலில் வருவதால் அது மொத்தத்தில் பத்திலொரு பங்குக்குள் இருக்கட்டும். 37 பாகையில் 2 மணித்தியாலம். பி.சி.ஆர் இயந்திரத்திலேயே மூடியைச் சூடாக்கி வைத்தால் நீர் ஆவியாகி மூடியில் ஒட்டாது.

இந்த முறையில் உள்ள பெரிய பொறி என்னவென்றால், "நெல் வகை" என்ற விடை ஒன்றும் நடக்காததால் வருகிறது. நொதியம் செத்துப்போயிருந்தாலும் 569, தாங்கல் மறந்தாலும் 569, உண்மையாகவே வெட்டிடம் இல்லாவிட்டாலும் 569. மூன்றும் ஜெல்லில் ஒரே முகம்தான். கொழும்பில் மின்வெட்டு நாளில் குளிர்ப்பெட்டி எத்தனை மணித்தியாலம் நின்றது என்று யாரும் எழுதி வைப்பதில்லை, நொதியம் மட்டும் அதை மறக்காது.

ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு கொன்ட்ரோல் வேண்டும். சோள வகை டி.என்.ஏ கையில் இல்லையென்றால் பி.யூ.சி-19 பிளாஸ்மிட் போதும். அதில் எம்.எஸ்.பி-1 வெட்டும் இடங்கள் 13 உண்டு. உங்கள் மாதிரியில் இன்னொரு ரியூப் எடுத்து, அதே விளைபொருள் 6 மைக்ரோலீற்றரோடு 200 நனோகிராம் பிளாஸ்மிட்டையும் போட்டு வெட்டுங்கள். 404, 331, 242 பட்டிகள் வந்தால் அந்தக் கலவைக்குள் நொதியம் வேலை செய்கிறது என்று அர்த்தம். மாதிரியின் ரியூபுக்குள்ளேயே பிளாஸ்மிட்டைப் போட்டு ஒரே ஓட்டத்தில் முடிக்கலாமே என்று நினைக்கவேண்டாம். பிளாஸ்மிட் 501, 489 என்றும் இரண்டு துண்டு தரும். அவை உங்கள் 497க்கு மேலேயும் கீழேயும் உட்கார்ந்து, வெட்டுப்படாத மாதிரியை வெட்டுப்பட்டதாகக் காட்டிவிடும்.

ஜெல் 2.5 வீத அகரோஸ், பாதிக்கு மேல் ஓடவிடுங்கள். 72ஐத் தேடிக் கண்ணைக் கெடுக்கவேண்டாம், அது எப்போதும் மங்கல்தான். சின்னத் துண்டு சாயத்தைக் குறைவாகவே பிடிக்கும். 569இலிருந்து 497க்குப் பட்டி இறங்கியதா என்பதை மட்டும் பாருங்கள். வெட்டாத விளைபொருளை வெட்டியதற்குப் பக்கத்துக் குழியிலேயே ஓட்டினால் சந்தேகம் வராது.

இரண்டு பட்டியும் நிற்கும் அந்த ஒரு மாதிரி: இழைமணி டி.என்.ஏ தாயிடமிருந்து மட்டும் வருவது, ஒரு புழுவுக்கு ஒரு வகைதான். இதரநுகம் (இரண்டு பிரதிகள் வேறு வேறாக இருப்பது) என்ற பேச்சுக்கு இடமில்லை. எனவே ஒன்றில் வெட்டு முற்றாகவில்லை, அல்லது ரியூபுக்குள் இரண்டு புழுவின் டி.என்.ஏ இருக்கிறது. விளைபொருளை 3 மைக்ரோலீற்றராகக் குறைத்து, நொதியம் அப்படியே வைத்து, இன்னொரு முறை வெட்டுங்கள். 569 மறைந்தால் முதலாவது. அதே விகிதத்தில் நின்றால் கலப்பு. கலப்பென்றால் எங்கிருந்து வந்தது என்பதைக் கீழே யாராவது சொல்வார்கள்.


விளக்குப்பொறி:

ஜெல்தட்டு சொன்னபடி செய்து, 22உம் மறுபடி வெட்டுப்படாமல் நின்றால்கூட ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, தினைக்குருவி. ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் சோளத்தில் பிடித்தவற்றில் பெரும்பான்மை இப்படித்தான் வந்திருக்கிறது. பிழை ஜெல்லில் இல்லை, பெயரில் இருக்கிறது.

"சோள வகை", "நெல் வகை" என்ற பிரிப்பு 1980களில் அமெரிக்கப் பக்கத்துப் புழுக்களில் கண்டது. அங்கே ஒன்று சோளம், இறுங்கு, பருத்தியை நாடும். மற்றது நெல்லையும் புல்லையும் நாடும். தோற்றத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது. இரவில் புணரும் நேரம் வேறு: சோள வகை முன்னிரவில், நெல் வகை பின்னிரவில். சி.ஓ.ஐயில் ஏறத்தாழ 2 வீத வித்தியாசம். அந்த மண்ணில் அந்த மார்க்கர் ஓரளவு ஒழுங்காகவே வேலை செய்தது.

2016இல் ஆபிரிக்காவில் பதிவாகி, 2018இல் இந்தியாவுக்கும் அதே ஆண்டுக் கடைசியில் இலங்கைக்கும் வந்த கூட்டம் வேறு கதை. அதில் இழைமணி நெல் வகையினது, உயிரணுக் கருவில் உள்ள மரபணு பெரும்பாலும் சோள வகையினது. எப்படி? நெல் வகைத் தாயும் சோள வகைத் தந்தையும் சேர்ந்து, அந்தப் பெண் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சோள வகை ஆண்களோடு சேர்ந்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் கருவில் நெல் வகைப் பங்கு பாதியாகக் குறையும். இழைமணி மட்டும் தாய்வழி அப்படியே இறங்கிக்கொண்டிருக்கும். ஏழெட்டுத் தலைமுறை போனால் உள்ளே முழுக்கச் சோள வகை, தாய்வழி முத்திரை மட்டும் நெல் வகை. சீனாவில் முழு மரபுத்தொகுதியையும் வாசித்துப் பார்த்தபோது கருவின் பின்னணி சோள வகைப் பக்கமே சாய்ந்தது.

ஆகவே "நெல் வகை" என்று எழுதவேண்டாம். "சி.ஓ.ஐ-ஆர்" என்று எழுதுங்கள் (ஆர் என்றால் நெல் வகை, சி என்றால் சோள வகை). அது எந்தத் தாய்வழி என்பதை மட்டும் சொல்லும். என்ன தின்னும், யாரோடு சேரும் என்பதைச் சொல்லாது.

கருவில் பார்க்கவேண்டியது ரி.பி.ஐ, அதாவது திரையோஸ் பொசுபேற்று ஐசோமரேசு மரபணு. நான்காம் எக்சோனில் (புரதத்துக்குக் குறியீடு தரும் துண்டில்) 183ஆம் இடம்: சைற்றோசீன் என்றால் சோள வகை, தைமீன் என்றால் நெல் வகை. உங்கள் 22இல் பெரும்பாலானவை சி.ஓ.ஐ-ஆர், ரி.பி.ஐ-சி என்று வரும் என்பது என் ஊகம். வந்தால் இரண்டையும் சேர்த்து அப்படியே எழுதுங்கள். இரண்டு மார்க்கரும் முரண்படுவதை "தெளிவற்ற முடிவு" என்று போட்டு மூடிவிடாதீர்கள். கலப்பு நடந்தது என்பதற்குச் சான்றே அந்த முரண்தான்.

இது படைப்புழுவுக்கு மட்டும் உள்ள சங்கதி அல்ல. ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா 2013இல் பிரேசிலில் பதிவானது. அங்கே ஏற்கெனவே ஹெலிகோவெர்பா சீயா இருந்தது. சி.ஓ.ஐயால் இவை இரண்டையும் பிரிக்கலாம், சந்தேகமில்லை. ஆனால் அங்கே கலப்பு நடந்து, பைரெத்ரொயிட் மருந்தைத் தாங்கவைக்கும் சி.வை.பி-337-பி-3 என்ற மரபணு ஆர்மிஜெராவிலிருந்து சீயாவுக்குள் போயிருக்கிறது. அப்படிப்பட்ட அந்துவின் சி.ஓ.ஐயை மட்டும் வாசித்தால் "சீயா" என்று வரும், மருந்து ஏன் பிடிக்கவில்லை என்று விவசாயி தலையைச் சொறிவார்.

மறுபக்கமும் உண்டு. அவுஸ்திரேலியாவில் கோவாப் பயிரின் வைரமுதுகு அந்துவுக்கு உள்ளேயே இன்னோர் இனம் ஒளிந்திருந்தது. சி.ஓ.ஐயில் 8.6 வீத வித்தியாசம் கண்டுதான் 2013இல் அதைப் புளூட்டெல்லா அவுஸ்திரேலியானா என்று பிரித்தார்கள். அங்கே பார்கோட்தான் (இனத்தை அறிய வாசிக்கும் சி.ஓ.ஐ துண்டு) கண்ணைத் திறந்தது, பிறகு கரு மரபணுவும் அதையே உறுதிசெய்தது. எவ்வளவு வீதம் வித்தியாசம் இருந்தால் தனி இனம் என்று ஒரு கோடு போட முடியாது. 2 வீதத்தில் கலந்து வாழ்வதும் உண்டு, அதற்குக் குறைவாக இருந்தும் கலவாமல் வாழ்வதும் உண்டு. கருவின் மரபணுக்கள் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்பதுதான் கேள்வி.


எட்டாம்வளையம்:

ஒருவரும் அடிப்படையைத் தொடவில்லை. அந்த 24உம் படைப்புழு என்பதற்கு என்ன சான்று? ஜே.எம் சோடி பெருக்கியது என்பது சான்றல்ல. அது வகை பிரிக்க வைத்த பிரைமர், இனத்தை அறிய வைத்ததல்ல. வேறு ஸ்பொடொப்தெராவிலும் அது பெருகலாம். அப்போது "வெட்டுப்படவில்லை" என்ற விடைக்கு ஒரு பொருளும் இல்லை.

பெரிய குடம்பிகள் 18க்கும் ஜெல் தேவையே இல்லை. தலையில் ஆங்கில 'வை' எழுத்துத் தலைகீழாக நிற்கும் வடிவம். வயிற்றின் எட்டாம் வளையத்தில் நாலு கறுப்புப் புள்ளி சதுரமாக. மற்ற வளையங்களில் அதே நாலும் சரிவகமாக இருக்கும். வை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதவேண்டாம். வேறு குடம்பிகளிலும் தலைத் தையல் வெளிறி வை மாதிரித் தெரியும். சதுரத்தைப் பாருங்கள். ஸ்பொடொப்தெரா லிட்டூரா என்றால் வயிற்றின் முதலாம், எட்டாம் வளையங்களின் பக்கத்தில் கரும்பொட்டு பெரிதாக இருக்கும்.

சின்னவை ஆறும் கண்ணுக்கு அகப்படாது. அவற்றுக்குத்தான் பார்கோட். லெப்-எஃப்-1, லெப்-ஆர்-1 சோடி, 658 மூலச்சோடி. 94 பாகை 2 நிமிடம். பிறகு 94இல் 40 வினாடி, 45இல் 40 வினாடி, 72இல் 1 நிமிடம், 5 சுற்று. அதே படி 45க்குப் பதில் 51 வைத்து 35 சுற்று. கடைசியில் 72இல் 5 நிமிடம். முதல் 5 சுற்றைத் தாழ்ந்த வெப்பத்தில் வைப்பது பிரைமர் முழுதாகப் பொருந்தாவிட்டாலும் பிடித்துக்கொள்வதற்காக. அதை விட்டால் சில மாதிரிகள் காரணமில்லாமல் வெறுமையாக வரும்.

வரிசை வந்ததும் ஜென்பாங் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில் போட்டு முதலாவது பெயரை எழுதிக்கொண்டு ஓடுகிற பழக்கம் கூடாது. அங்கே பிழையான பெயரோடு கிடக்கும் பதிவுகள் ஏராளம். முதல் இருபதையும் பாருங்கள், ஒரே பெயர்தானா என்று. பார்கோட்களுக்கான போல்ட் தளத்திலும் தேடுங்கள், வவுச்சர் (சான்றாகப் பாதுகாத்து வைத்த உடல்) உள்ள பதிவுகளுக்குக் கூடுதல் நிறை கொடுங்கள். பிறகு வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்து நிறுத்தற் கோடன் (புரதம் முடியும் இடத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து) நடுவில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது இழைமணியினது அல்ல, கருவுக்குள் ஒட்டிக்கொண்ட போலிப் பிரதி. ஆனால் முள்ளந்தண்டிலி இழைமணிக் குறியீடான 5ஆவது அட்டவணையைத் தெரிவு செய்யவேண்டும். பொது அட்டவணையில் வைத்தால் ரி.ஜி.ஏ எல்லாம் நிறுத்தமாகத் தெரியும், நல்ல வரிசையையும் குப்பையில் போடுவீர்கள். தேடலில் வொல்பாக்கியா என்று வந்தால் திடுக்கிடவேண்டாம். அந்துவுக்குள் வாழும் பற்றீரியா அது. அதற்கும் சி.ஓ.ஐ உண்டு, பிரைமர் அதையும் பிடிக்கும்.

இனி அந்த இரட்டைப் பட்டி. குடம்பியின் எந்தப் பகுதியை அரைத்தீர்கள்? படைப்புழு தன் இனத்தையே தின்னும். ஒரு குருத்துக்குள் கடைசியில் பெரும்பாலும் ஒரு பெரிய புழு மிஞ்சுவது அதனால்தான். முழு உடலை அரைத்தால் குடலுக்குள் இருக்கும் தம்பியும் ரியூபுக்குள் வருவான். ஒட்டுண்ணிக் குளவியின் குடம்பி உள்ளே இருந்தாலும் இதே கூத்துத்தான், சில வேளை வரிசையைத் தேடினால் அந்துவுக்குப் பதில் குளவி வரும்.


தினைக்குருவி:

மிக நன்றி. பெரியவற்றில் நடுவுடலில் ஒரு துண்டு, குடலோடு சேர்த்து. சின்னவை முழுதாக அரைத்தது. இரட்டைப் பட்டி வந்தது பெரியதொன்றில்தான்.

எட்டாம்வளையம் ஐயா, வேறு எந்தப் பகுதியை எடுப்பது? சின்னவற்றில் வவுச்சர் எப்படி வைப்பது? ஜெல்தட்டு அண்ணை, ரி.பி.ஐ வாசித்தால் எங்கே சறுக்கும்? பெரோமோன் பொறியில் விழுந்த அந்துகளும் ஒரு பெட்டி இருக்கின்றன, அவற்றையும் சேர்க்கலாமா?


எட்டாம்வளையம்:

பெரிய குடம்பியில் நடுவிலுள்ள ஒரு போலிக்காலை வெட்டி எடுங்கள், 2 மில்லிமீற்றர் போதும். தலையையும் எட்டாம் வளையத்தையும் தொடாதீர்கள். அடையாளம் அங்கேதான் இருக்கிறது. வெட்டுமுன் எதனோலை ஒற்றுத்தாளில் உலர்த்துங்கள், எதனோல் பி.சி.ஆருக்குப் போனால் பெருக்கம் நின்றுவிடும்.

சின்னவற்றை அரைக்கவே வேண்டாம். பக்கத்தில் ஊசியால் ஒரு துளை போட்டு, 5 வீத செலெக்ஸ் (உலோக அயன்களைப் பிடிக்கும் பிசின் மணிகள்) 100 மைக்ரோலீற்றர், புரோட்டினேஸ் கே மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் செறிவில் 2 மைக்ரோலீற்றர், 56 பாகையில் ஓரிரவு. காலையில் தோலை அப்படியே எடுத்து எதனோலில் திரும்பப் போடுங்கள். உள்ளே கரைந்து, வெளித்தோலும் தலையும் முழுதாக நிற்கும். அதுதான் வவுச்சர். மிச்சத்தை 95 பாகையில் 10 நிமிடம் வைத்து, மையநீக்கியில் 13,000 சுற்றில் 3 நிமிடம் சுழற்றி, மேலே நிற்கும் தெளிந்த நீரில் 1 அல்லது 2 மைக்ரோலீற்றர் எடுங்கள். அடியிலுள்ள மணிகள் ஒன்றிரண்டு பிப்பெற்றில் ஏறினாலும் போச்சு. செலெக்ஸ் மகனீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், மகனீசியம் இல்லாமல் பி.சி.ஆரை நடத்தும் டாக் நொதியம் நகராது. குடல் இதிலும் உள்ளேதான் இருக்கும், ஆகவே வரிசை வாசிப்பின் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரட்டை உச்சி வந்தால் அந்த மாதிரியைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

பொறியில் விழுந்த அந்துகள்: எல்லாமே படைப்புழு என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். அந்த மணத்துக்கு மிதிம்னா, லியுகானியா வகை அந்துகளும் வந்து விழும். செதில் உதிர்ந்தால் இறகு ஒன்றும் பேசாது. வயிற்றைக் கழற்றி மேலே சொன்ன அதே புரோட்டினேஸ் கரைசலில் ஓரிரவு வைத்தால் டி.என்.ஏவும் கிடைக்கும், பிறகு அதே வயிற்றை 10 வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் மென்மையாக்கி இனப்பெருக்க உறுப்பையும் பிரித்துப் பார்க்கலாம். ஒரே அந்துவில் இரண்டு சான்று. கோப்பு எண்ணும் ஒன்றே. கால் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு உடலை எறிகிறவர்களின் வரிசைக்கு நான் பாதி மதிப்புத்தான் கொடுப்பேன்.


ஜெல்தட்டு:

பொறி அந்துகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அது உங்கள் ரி.பி.ஐ கேள்விக்கும் விடை.

ரி.பி.ஐ இருப்பது இசட் நிறமூர்த்தத்தில். அந்துகளில் ஆண் இசட்-இசட், பெண் இசட்-டபிள்யு. நம்மில் இருப்பதற்கு எதிர்மாறு. ஆகவே பெண்ணிடம் ரி.பி.ஐ ஒரே பிரதி, ஆணிடம் இரண்டு. பெரோமோன் பொறியில் விழுவது ஆண்கள் மட்டும்.

பெண்ணில் 183ஆம் இடத்தில் ஒரே ஓர் உச்சி வரும், வாசித்தால் முடிந்தது. ஆண் இதரநுகமாக இருந்தால் அந்த இடத்தில் சைற்றோசீன் உச்சியும் தைமீன் உச்சியும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். மென்பொருள் பெரியதை மட்டும் எடுத்து ஓர் எழுத்தைப் போட்டுவிடும், நீங்கள் எழுத்துக் கோப்பை மட்டும் பார்த்தால் கலப்பு மாதிரி தூய மாதிரியாகிவிடும். குரோமற்றோகிராமை (உச்சிகள் தெரியும் வரைபடத்தை) திறந்து 183ஆம் இடத்தைக் கண்ணால் பாருங்கள், 24க்கும்.

அடுத்தது இன்ட்ரோன், புரதத்துக்குக் குறியீடு தராத இடைத்துண்டு. நான்காம் எக்சோனுக்குப் பக்கத்திலுள்ள இன்ட்ரோன் நீளம் ஒரே மாதிரி இருக்காது. ஆணின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் இரண்டு மூன்று எழுத்துக் கூடினாலும், அந்த இடம்வரை அழகாக வந்த வாசிப்பு அதற்குப் பிறகு இரட்டை இரட்டையாகக் குழம்பும். "சீக்வென்ஸ் பழுதாகிவிட்டது" என்று திரும்ப அனுப்பிக் காசைக் கொட்டவேண்டாம். எக்சோன் பக்கத்துப் பிரைமரால் வாசியுங்கள், 183 குழப்பம் தொடங்குமுன் வந்துவிடும். இன்ட்ரோன் பக்கத்திலிருந்து வாசித்தால் முதலே குழம்பி 183 கிடைக்கவே கிடைக்காது.

எனவே பெண்களை முதலில் தெரிந்து செய்யுங்கள். பெரிய குடம்பியில் ஐந்தாம் வயிற்று வளையத்தின் முதுகில் தோலுக்குள்ளால் விதைகள் (விரைகள்) தெரிந்தால் ஆண். எதனோலில் வெளுத்தபின் அது தெரியாது, உயிரோடு இருக்கும்போதே பார்க்கவேண்டும். கூட்டுப்புழுவில் இன்னும் சுலபம்: பிறப்புத் துவாரம் எட்டாம் வளையத்தில் என்றால் பெண், ஒன்பதாம் வளையத்தில் என்றால் ஆண். அந்துவில் பின்னிறகின் அடியில் ஒற்றை முள் என்றால் ஆண், பல முள் என்றால் பெண். விளக்குப் பொறியில் இரண்டும் விழும்.

வாசிப்புக்கு அனுப்புமுன்: 3 மைக்ரோலீற்றர் ஜெல்லில் பாருங்கள், ஒரே பட்டியா என்று. பிறகு விளைபொருள் 5, எக்ஸோ-சாப் (மிச்சப் பிரைமரை நீக்கும் நொதியக் கலவை) 2, 37 பாகையில் 15 நிமிடம், 80 பாகையில் 15 நிமிடம். இரண்டு பட்டி இருந்தால் எக்ஸோ-சாப் அதைத் தீர்க்காது, ஜெல்லிலிருந்து வெட்டி எடுக்கவேண்டும்.

எக்ஸோ-சாப்பில் போட்டதை வெட்டு நொதியத்துக்கும் பாவிக்கலாம், நன்றாகவே வெட்டும்.


வயல்வரம்பு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்க. விவசாயப் போதனாசிரியர்கள் இந்தப் பக்கத்தைப் பார்த்தால் முதலில் கேட்பது ஒன்றுதான்: சி.ஓ.ஐ-ஆரோ சியோ, சோளக்காரனுக்கு என்ன மாற்றம்? நெல்லுக்கு வருமா, வராதா?


விளக்குப்பொறி:

நியாயமான கேள்வி. சோளக்காரருக்கு ஒரு மாற்றமும் இல்லை. குருத்தைப் பார்ப்பது, முட்டைக் குவியலை நசுக்குவது, விதைப்பை ஊரே சேர்ந்து ஒரே காலத்தில் செய்வது, மருந்தடிப்பதென்றால் சின்னப் புழுவில் அடிப்பது, ஒரே தொகுதி மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதது, எல்லாம் அப்படியே. வகை பார்த்து மருந்து மாற்றும் நிலை இல்லை. பெரிய புழுவின் இனத்தை அறிய மரபணு தேவையும் இல்லை, எட்டாம்வளையம் சொன்ன சதுரம் போதும்.

நெல் பற்றி: "நெல் வகை வந்துவிட்டது, அடுத்தது வயல்" என்று பத்திரிகைக்குச் சொல்லாதீர்கள். சி.ஓ.ஐ-ஆர் அதைக் காட்டவில்லை. நெல்லில் புழு கூட்டமாக இறங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்பொடொப்தெரா மோரிஷியா, அல்லது மிதிம்னா. அங்கிருந்து மாதிரி எடுத்து இனத்தைப் பார்த்தபிறகுதான் வகையைப் பற்றிப் பேச்சு.

மரபணு வேலைக்கு உதவும் இடங்கள் வேறு. கட்டுநாயக்காவில் தாவரத் தொற்றுநோய்த் தடுப்புச் சோதனையில் ஒரு முட்டைக் குவியலோ, நசிந்த சின்னக் குடம்பியோ அகப்பட்டால் வளர்த்துப் பார்க்க நேரமிருக்காது, பார்கோட்தான் வழி. ரி.பி.ஐ-ஆர் உள்ளவை புதிதாகத் தலைகாட்டினால் வெளியிலிருந்து இன்னொரு கூட்டம் நுழைந்திருக்கலாம் என்று காட்டும். மருந்தைத் தாங்கும் மரபணு மாற்றம் பரவுகிறதா என்றும் அதே டி.என்.ஏயில் பார்க்கலாம்.

தினைக்குருவி, ஒன்று கேட்க மறந்தேன்: அந்த 14உம் எத்தனை செடியில் எடுத்தவை? ஒரு பெண் ஒரே குவியலில் நூறு இருநூறு முட்டை இடும். பக்கத்துப் பக்கத்துச் செடிகளில் எடுத்திருந்தால் 14உம் ஒரு தாய் பிள்ளைகளாக இருக்கலாம். அப்போது சி.ஓ.ஐக் கணக்கில் அது 14 அல்ல, 1. அடுத்த முறை ஒரு செடிக்கு ஒன்று, குறைந்தது 10 மீற்றர் தள்ளி, பல தோட்டங்களில்.


தினைக்குருவி:

மொனராகலை 14உம் இரண்டே தோட்டம், வரிசையாக எடுத்தது. புரிகிறது, அந்த எண்ணை அறிக்கையில் அப்படியே போடமுடியாது.

புதிய முறையில் வெட்டிப் பார்த்தேன். பிளாஸ்மிட் ரியூப் ஒழுங்காக வெட்டுப்பட்டது. 22உம் 569ஆகவே நிற்கின்றன. இரட்டைப் பட்டி 3 மைக்ரோலீற்றரிலும் மாறவில்லை, எனவே கலப்பு. போலிக்காலிலிருந்து திரும்ப எடுக்கிறேன்.

கடைசியாக ஒன்று. எதனோல் முடிகிறது. மதுவரி அனுமதி வரும்வரை வெளியூரில் எடுப்பவர்களுக்கு என்ன கொடுப்பது? மெதிலேற்றட் ஸ்பிரிட்டில் போடட்டுமா?


எட்டாம்வளையம்:

வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறதென்று உங்களுக்கும் தெரியாது, டாக்குக்கும் தெரியாது. போமலினும் வேண்டவே வேண்டாம், டி.என்.ஏவைப் பின்னிக் கட்டிவிடும். அந்துகளுக்கு சிலிக்கா ஜெல்: மூடி இறுக்கமான போத்தலில் கால்பங்கு ஜெல், மேலே பஞ்சு, அதற்குமேல் அந்து. நிறம் மாறினால் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம். கொழும்பின் ஈரப்பதனில் திறந்து வைத்த அந்து ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். குடம்பிக்கு புரொப்பிலீன் கிளைக்கோல் நல்லது, ஆவியாகாது, பஸ்ஸில் ஒழுகினாலும் தீப்பிடிக்காது.

இருக்கும் எதனோலைச் சிக்கனமாகப் பாவிப்பதென்றால், குடம்பியைக் கொதிக்கும் தறுவாயிலுள்ள நீரில் 30 வினாடி போட்டு எடுத்தபின் எதனோலில் இடுங்கள். கறுக்காது, உள் நொதியங்களும் டி.என்.ஏவைச் சிதைக்காது. ஒரு பங்கு புழுவுக்குப் பத்துப் பங்கு எதனோல், 95 வீதம். மறுநாள் ஒருமுறை மாற்றவேண்டும், புழுவின் உடல்நீர் அதை ஐதாக்கிவிடும். பெயர்த்துண்டு பென்சிலால் எழுதி ரியூபுக்குள்ளே. வெளியில் மார்க்கர் பேனையால் எழுதியது எதனோல் பட்டால் புறக்கோட்டைக்கு வருமுன்பே அழிந்துவிடும்.